யாத்திரையின் கடைசி இரவு

திருமுடிவாக்கத்தை இன்று அறிபவர்கள் அதன் தொழிற்பேட்டையைக் கொண்டும், அருகே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கி ஓடும் வெளிவட்டச் சாலையைக் கொண்டுமே பெரும்பாலும் அறிகிறார்கள். அதை அடுத்துள்ள குன்றத்தூர் மலைக்கோ மிகப் பழமையான ஓர் ஐதீகம் உண்டு. திருப்போரூரில் அசுரரைப் பொருது வென்ற முருகப் பெருமான், சினம் தணியத் திருத்தணிகைக்குச் செல்லும் வழியில், நேரே அங்குப் போய்விடாமல், இக்குன்றில் தங்கிச் சிவபெருமானைப் பூஜித்துவிட்டே மேற்சென்றான் என்று தலபுராணம் சொல்லும். அடிவாரத்திலுள்ள கந்தழீசுவரர் ஆலயத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். புராணத்தைச் சரித்திரமென்று சாதிப்பது என் நோக்கமன்று. ஆனால் ஒரு ஜனசமூகம் தன் தெய்வத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் நடத்தை பெரும்பாலும் அந்தச் சமூகத்தின் சொந்த நடத்தையாகவே இருக்கக் காண்கிறோம். நெடுவழி நடந்தவர்கள் சேருமிடத்துக்குச் சற்று முன்னே ஓரிரவு நின்று போவது நம்மவர்களின் யாத்திரை சம்பிரதாயத்தில் ஊறிக் கிடந்த வழக்கம்.

பல நாள் வெயிலிலும் புழுதியிலும் நடந்து, கால் கொப்பளித்து, கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்ட ஒருவனை, 'இன்றைக்குப் போதும், இங்கேயே படு' என்று நிறுத்துவது எளிதன்று. எனினும் பெரியவர்கள் நிறுத்தினார்கள். அந்திக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் அர்த்தஜாமம் முடிந்து நடை சாத்தியிருக்கும் என்ற லௌகிகக் காரணமும், ஸ்நானம் செய்து ஆடை மாற்றாமல் சந்நிதிக்குப் போகலாகாது என்ற வைதிகக் காரணமும் அதற்கு உண்டு. இவற்றோடு மூன்றாவதாக ஒரு காரணத்தையும் நான் சேர்த்துச் சொல்வேன். கூடி நடந்த கூட்டம் தரிசனத்துக்குப் பின் கூட்டமாக இராது. அவரவர் வேண்டுதல், அவரவர் உறவினர், அவரவர் ஊர் நினைப்பு என்று கலைந்துவிடும். ஒருவரோடொருவர் உண்டு, பாடி, ஒரே மரத்தடியில் படுப்பதற்கு எஞ்சியிருப்பது அந்த ஓர் இரவுதான்.

ஆகையால் அந்த இரவுக்கென்றே சில இடங்கள் அமைந்தன. அவற்றில் பல நீர்க்கரையில் இருப்பது தற்செயலானதன்று. எருமேலியிலிருந்து அழுதையும் கரிமலையும் கடந்து பெருவழியில் வரும் ஐயப்ப பக்தர்கள் பம்பைக் கரையில் தங்கிப் பம்பை விருந்தும் பம்பை விளக்கும் நடத்திய பின்பே சபரிமலை ஏறுவது மரபு. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கோடும், தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கோடும் நடந்துவரும் வார்கரிகள், பண்டரிபுரத்துக்கு வெகு சமீபத்திலுள்ள வாக்கரியில் கூடி, அங்கிருந்தே நகரப் பிரவேசம் செய்கிறார்கள். ஈழத்திலோ யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காம பாதயாத்திரை, கிழக்குக் கரையோரமாக வந்து, ஒகந்தை கழிந்ததும் குமணை, யால காடுகளுக்குள் புகுந்து, கட்டகாமத்தில் கடைசியாகத் தங்கும். யானையும் கரடியும் உலவும் காட்டை அரோகரா கோஷத்தைத் தவிர வேறு ஆயுதமின்றிக் கடந்து வந்தவர்களுக்கு அவ்விரவு எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத எனக்குச் சக்தி போதாது.

இராமேசுவர யாத்திரையில் கடலே மனிதனை நிறுத்திற்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் அவ்வழி நெடுகக் கட்டிவைத்த சத்திரங்களில் உண்டு உறங்கி வந்த காசி யாத்திரிகர்கள், நிலம் முடியும் மண்டபத்துக் கரையில் தோணிக்குக் காத்திருக்க நேர்ந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ரயில் கடல்மேல் ஓடத் தொடங்கியபின், அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. சௌகரியம் பெரிதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தேசபக்தர்களின் நடைப்பயணங்களும் இம்முறையைக் கைவிடவில்லை. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 5 அன்றே தண்டிக் கடற்கரையை அடைந்துவிட்டார். ஆயினும் அன்றே உப்பெடுக்காமல், தாவூதி போரா சமூகத் தலைவருக்கு உரிய ஸைஃபி வில்லா என்னும் மாளிகையில் இராத்தங்கி, மறுநாட் காலையில் கடலில் நீராடிய பின்பே உப்பைக் கையில் எடுத்தார். அதே ஏப்ரலில் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜி, தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவது குற்றமென்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் விடுத்த எச்சரிக்கையையும் மீறி ஜனங்கள் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட சோற்றுப் பொட்டலங்களை உண்டு நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். உப்பு அள்ளிக் கைதானது 30ஆம் தேதி.

இத்தனை சொல்லியும், குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் எழுதிவைத்த ஓர் இரவைச் சொல்லாமல் விட்டால், இவ்வழக்கத்தின் சரித்திரம் பாதிப் பொய்யாகிவிடும். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கழித்துக்கொண்டிருந்த ஆதனூர் நந்தனார், ஆசை தாங்காமல் தில்லைக்கு நடந்து, எல்லையில் நின்று, வேள்விப் புகையைக் கண்டு, தம் குலத்தை நினைந்து உள்ளே புகாமல், ஊரையே வலம்வந்து சோர்ந்து துயின்றார். கனவில் இறைவன் வந்து நெருப்பில் மூழ்கி வரச் சொன்னான் என்பது பெரிய புராணம் கூறும் முடிவு. மற்றவர்களுக்குத் தாமாக மேற்கொண்ட நியமமாக இருந்த எல்லைப்புற இரவு, அவருக்கு வேலியாக இருந்தது. பக்தியின் பெருமைக்காக இக்கதையை நூற்றாண்டுகளாகப் பாடினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகவும் செய்தார். ஆனால் நந்தனார் வழிவந்தவர்களுக்கு அந்த இரவு 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றபோதுதான் விடியத் தொடங்கிற்று. சென்னை மாகாணம் முழுமைக்கும் பொதுவான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது.

எல்லைக்கு வெளியே தங்குவது பொதுவிதியாக இருக்க, எல்லைக்குள்ளேயே, அதுவும் மலையுச்சியிலேயே, கடைசி இரவைக் கழிக்கும் பாக்கியம் பெற்ற ஒரு கூட்டமும் நம் நாட்டில் உண்டு. சேலத்து எடப்பாடியிலிருந்து காவடியெடுத்துப் பழநிக்கு நடந்து வரும் பருவதராஜ குலத்தார், வழியில் மானூரில் தங்கிச் சண்முக நதியில் நீராடி, தைப்பூசம் கழிந்து கூட்டம் குறைந்த நாளொன்றில் மலையேறுகிறார்கள். வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் கற்கண்டும் பேரீச்சம்பழமும் நெய்யும் தேனுமாகச் சேர்த்து, டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தை மலைமீதே பிசைந்து, தங்களுக்குள் பங்கிட்டு ஊருக்கும் கொண்டுபோகிறார்கள். இராக்காலத்தில் வேறு எந்தப் பக்தருக்கும் அம்மலைமேல் தங்க அனுமதி கிடையாது. வருஷத்தில் ஓர் இரவு, எடப்பாடிக்காரர்களுக்கு மட்டும், அந்த உரிமை இன்றளவும் நடைமுறையில் இருக்கிறது.