திமிரு பிடிச்ச திருக்கை

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போனவங்களுக்குப் புனித டேவிட் கோட்டையைத் தெரிஞ்சிருக்கும். 1756-ல் அங்கே அதிகாரத்துக்கு வந்தவர் ராபர்ட் கிளைவ். அடுத்த வருஷம் பிளாசிப் போர். அப்போ அவருக்குச் செயலாளரா இருந்தவர் ஜான் வால்ஷ். 1726-ல் நம்ம சென்னைக் கோட்டையில பிறந்தவர். கம்பெனிக் காசோட இங்கிலாந்து போய் எம்.பி. ஆனார்.

அதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன் :-)

நரம்புல மின்சாரம் ஓடுதுன்னு இன்னிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையில முக்கியமான ஒரு படி இவர் போட்டது. 1772-ல் பிரான்சின் லா ரோஷல் கடற்கரையில மின்திருக்கை மீனை வச்சு சோதனை செஞ்சார். பல பேரை வரிசையா இணைச்சு நிக்க வச்சாலும் அத்தனை பேருக்கும் ஷாக். உலோகக் கம்பி வழியா போச்சு, கண்ணாடி வழியா போகலை. அப்போ இது மின்சாரம்தானே? 1773-ல் காப்ளி பதக்கம் கிடைச்சது. அதே மீனை அறுத்துப் பார்த்த ஜான் ஹண்டர், மின் உறுப்புக்குப் போற நரம்புகள் அத்தனை பெருசா இருக்கறதைக் கவனிச்சார். நரம்பு மேல சந்தேகம் விழுந்தது இப்படித்தான்.

விடை வர 1952 ஆச்சு. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயோட தடிச்ச நரம்பிழையை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. சும்மா இருக்கறப்போ நரம்போட உட்பக்கம், வெளியை விட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டினா சவ்வுல வாசல் திறந்து சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் சட்டுனு ஏறும். உடனே பொட்டாசியம் வெளியே போக, பழைய நிலை. எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டுல. அதுக்குள்ள பக்கத்துத் துண்டு முழிச்சுக்கும். இப்படியே செய்தி ஓடும். ஆதாரம் உப்புல இருக்கற சோடியம்தான்!

சிதம்பரத்துக்குத் தெற்கே, தரங்கம்பாடியில கிடைச்ச ஒரு மின்திருக்கைக்கு 1801-ல் அறிவியல் பெயர் வச்சப்போ 'டிம்லி'ன்னு சேர்த்தாங்க; இன்னிக்கு அதுக்குப் பேர் நார்சைன் டிம்லி. அந்த 'டிம்லி'யைக் கேட்டா எனக்கு நம்ம 'திமிர்' ஞாபகம் வருது. கை மரத்துப் போனா திமிர்ப் பிடிச்சிருக்குன்னு சொல்றோமே, அதே திமிர். இது என் ஊகம்தான். ஆனா இந்த மீனைத் தொட்டுக் கை மரத்துப் போன வலைக்காரர் வால்ஷுக்கு முன்னாடியே நம்ம கரையில இருந்திருப்பார். பதக்கப் பட்டியல்ல வால்ஷ் பேர் இருக்கு. இவர் பேரை யாரும் கேட்கலை.

உங்க ஊர்ல இந்த மீனுக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.