கண்ட்ரோலர் தானா நகருதா? தூக்கிப்போடாதீங்க!

ஸ்டிக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் கேமில் உங்க ஆள் சுவரைப் பார்த்து நடந்துக்கிட்டே இருக்கானா? இதுக்குப் பேர்தான் 'ஸ்டிக் டிரிஃப்ட்'. பட்டன், பேட்டரி எல்லாம் நல்லா இருந்தும், இந்த ஒரு கோளாறுக்காகவே பலர் புது கண்ட்ரோலர் வாங்கிவிடுகிறார்கள்.

பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரனு சத்தம் வருமே, அதே சங்கதிதான் இங்கேயும். ஸ்டிக்குக்குப் பக்கத்தில் 'பொட்டன்ஷியோமீட்டர்' இரண்டு இருக்கும். மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, பக்கவாட்டு அசைவுக்கு ஒன்று. கார்பன் தடத்தின்மேல் சின்ன உலோகத் தகடு உரசிக்கொண்டே போகும். நாளாக ஆகத் தடம் தேயும், தூசியும் சேரும். கைவிட்ட பிறகும் ஸ்டிக் சாய்ந்திருப்பதாகவே கேம் நினைத்துக்கொள்ளும். நின்டென்டோ ஸ்விட்ச்சின் ஜாய்கானில் வடிவம் வேறு, கார்பன் உரசல் அதேதான். இந்தத் தொல்லை பற்றிய கேள்விக்கு 2020 ஜூனில் நின்டென்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்பே கேட்டார்.

வாரன்ட்டி இருக்கா? அப்போ ஸ்க்ரூவில் கை வைக்காதீங்க, சர்வீஸுக்குக் கொடுங்க. இல்லையென்றால், முதலில் கேம் செட்டிங்ஸில் 'டெட் ஸோன்' அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் வரும் சின்ன அசைவுகளை கேம் கண்டுக்காது. லேசான டிரிஃப்ட்டுக்கு இதுவே போதும். ரொம்பக் கூட்டினால் குறி வைக்கும்போது ஸ்டிக் மந்தமாகத் தெரியும்.

அடுத்தது சுத்தம். 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். கை சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் உண்டு. கண்ட்ரோலரை ஆஃப் செய்து, ஸ்டிக்கின் அடியில் ஓரிரு சொட்டு விட்டு, எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யணும். தூசிதான் காரணம் என்றால் சரியாகிவிடும். சில நாளில் திரும்ப வந்தால் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை கழுவினாலும் தேய்ஞ்சது திரும்ப வராது.

அப்போது ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும். டூயல்ஷாக் 4 என்றால் பின்னால் 4 ஸ்க்ரூ. எக்ஸ்பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ பேட்டரி அறையின் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். திறந்ததும் முதல் வேலை, பேட்டரி ஒயரைக் கழற்றுவது. மெல்லிய ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள். இந்த இரண்டு கண்ட்ரோலரிலும் ஒரு மாட்யூலுக்கு 14 இடங்களில் சால்டரிங் இருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம், போர்டே போய்விடும். செல்போன் சர்வீஸ் கடையில் மாட்யூலை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். ஜாய்கானில் இந்தப் பிரச்னை இல்லை, ஸ்டிக் ஒரு ரிப்பன் கேபிளில்தான் நிற்கிறது.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 'ஹால் எஃபெக்ட்' மாட்யூலாகப் போடுவது நல்லது. காந்தம் நகர்வதை சென்சார் உணரும், உரசலே கிடையாது. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட்டிலேயே இது இருந்தது! பொருத்திய பிறகு காலிபிரேஷன் செய்யாவிட்டால் புது ஸ்டிக்கும் நடுவில் நிற்காது. ஸ்க்ரூவை இறுக்குவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் இணைத்து, கைவிட்டதும் புள்ளி நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.