பலகையைத் தைத்தவர்கள்



கடலைக் காணாத ஊரில் வளர்ந்தவன் யான். மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் தெரியும் சேவுகம்பட்டியில் பெருநீர் என்றால் மழைக்காலத்துக் கண்மாய்தான். அத்தகைய ஊரான் கப்பலைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். ஒரு பிழையைத் திருத்திக்கொள்வதற்கே இன்று உங்கள் முன் வந்துள்ளேன். வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் ஒரு செய்தியைத் தவறாகக் கற்பித்து வந்தேன். அதைக் கேட்டவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களும் இப்பேச்சைக் கேட்டால் மகிழ்வேன்.

நான் கற்பித்தது இதுதான்: “நம் கடற்கரை மக்கள் படகின் பலகைகளைக் கயிற்றால் தைத்தனர். ஆணியின் பயனை அவர்கள் அறியாமையே அதற்குக் காரணம்.” மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். தேர்விலும் அவ்வாறே விடை எழுதினார்கள். நானும் மதிப்பெண் இட்டேன்.

1998ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி நடந்தது. வரலாற்றுப் பகுதிக்கு மரக்கப்பல் மாதிரி ஒன்று செய்ய எண்ணினோம். இரண்டடி நீளத்தில் அடிமரமாகிய ஏராவை வைத்து, அதன்மேல் விலா எலும்புகளைப் போன்ற வங்குகளை நிறுத்தினோம். அதுவரை இடர் இல்லை. பழப்பெட்டிப் பலகையை மெல்லிய பட்டைகளாகச் சீவிப் போர்த்தத் தொடங்கியபோதுதான் தொல்லை பிறந்தது. நான்காம் பட்டையிலேயே முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அழுத்தி ஆணி அடித்தோம். பட்டை பிளந்தது.

தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, கப்பலுக்கு நடுவயிறு பெருத்திருக்கிறது, முனை சிறுத்திருக்கிறது. ஒரே அகலப் பட்டை இரண்டிற்கும் எப்படிப் பொருந்தும்?” என்றான். பலகையடைப்பின் நுட்பம் முழுவதும் அந்த வினாவில் அடங்கியிருந்தது. நடுவில் ஒரு வங்கின் சுற்றளவையும், முனையில் ஒரு வங்கின் சுற்றளவையும் நூலால் அளந்தோம். இரண்டையும் பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தோம். ஒவ்வொரு பட்டையும் நடுவில் எவ்வளவு அகலம், முனையில் எவ்வளவு அகலம் என்பது கிடைத்தது. இருமுனையும் குறுகச் சீவி, நீரில் ஊறவைத்து வளைத்து, வலப்புறம் ஒன்று இடப்புறம் ஒன்று என மாற்றி மாற்றிப் பொருத்தினோம். ஒரு புறத்தை மட்டும் முதலில் முடித்தால் ஏரா கோணிவிடும். பிறகு அடைப்பு நேராக அமைந்தது.

எஞ்சிய பட்டைகளைக் கொண்டு வங்கே இல்லாத தையற்படகு ஒன்றும் செய்து பார்க்கலாம் என்றார்கள் மாணவர்கள். பட்டைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோல் புரியை வைத்து, அதன்மீது குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றை இழுத்துத் தைத்தனர். முடிந்தபின் ஒருவன் இரண்டையும் கல்தளத்தில் வைத்துக் கையால் ஓங்கி அழுத்தினான். ஆணி அடித்தது முறிந்தது. தைத்தது அமிழ்ந்து, கையை எடுத்ததும் பழைய வடிவிற்கு மீண்டது. பொம்மையில் கண்டது வரலாற்றுக்குச் சான்றாகாது. ஆயினும் என் பாடத்தின்மீது எனக்கு ஐயம் பிறந்தது. அதன்பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன்.

முதலில், ஆணி அறியாமை என்னும் கூற்றைப் பாருங்கள். ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் இரும்புக் கருவிகள் திரளாகக் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுப் பழமையுடையது என்று தமிழக அரசு 2022இல் அறிவித்தது. இரும்பை உருக்கி வாளும் கத்தியும் செய்த மக்களுக்கு ஓர் ஆணி செய்வது அரிய செயலா?

13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறையில் தையற்கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை ஆபத்தானவை என்று எழுதினார். போச மன்னர் பெயரால் வழங்கும் ‘யுக்தி கல்பதரு’ என்னும் வடமொழி நூலோ, கடலிலுள்ள காந்தம் இழுத்துவிடும் என்று கூறி, கப்பலின் அடிப்பகுதியில் இரும்பை விலக்குகிறது. காந்தமலை கட்டுக்கதையே. ஆனால் உண்மைக் காரணம் என்ன?

அதற்கு விடை சென்னைக் கரையில் கிடைக்கிறது. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இடம் பெற்றபோது துறைமுகம் ஏதும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். இடையில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் மோதி உடையும். ஐரோப்பியர் கொணர்ந்த உறுதியான படகுகள் அவ்வலையில் மணல்மீது மோதி நொறுங்கின. ஆகவே ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை யாவரும் யாவையும் நம் மீனவர் செலுத்திய மசூலாப் படகிலேயே கரையேற வேண்டியதாயிற்று. அப்படகில் வங்கு இல்லை, ஆணி இல்லை. பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. மணலில் மோதும்போது பலகைகள் சற்றே நெகிழ்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். விழுந்தவரை மீட்கக் கட்டுமரங்கள் உடன் செல்லும். கட்டுமரம் என்னும் நம் சொல்லே உலக மொழிகளில் பரவியது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சென்னை வாணிகம் இக்கயிற்றுத் தையலை நம்பி நடந்தது. பின்னர்க் கட்டிய செயற்கைத் துறைமுகத்தின் சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட துறைமுகம் நிலைபெற்ற பிறகே மசூலாவின் தேவை குறைந்தது.

இதனால் ஆணியே தாழ்ந்தது என்று கருதிவிடாதீர்கள். ஆழ்கடலில் பீரங்கிகளைச் சுமக்கும் கப்பலுக்கு உறுதியான வங்கு வேண்டும். பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் அம்முறையில் தேக்குக் கப்பல்களைக் கட்டினர். 1817இல் அங்கே நீரில் இறக்கிய ‘திருகோணமலை’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கிறது. கரைக்கேற்ற படகு, கடலுக்கேற்ற கப்பல் என்பதே தச்சரின் நெறி.

தைத்த கப்பல் நெடுந்தொலைவு செல்லாது என்பாருக்கும் விடை உண்டு. டிம் செவெரின் என்பவர் மலையாளக் கரையின் மரத்தைக் கொண்டு, ஓமானில் ஆணியின்றித் தைத்த ‘சோஹார்’ என்னும் கப்பலில் 1980இல் புறப்பட்டு 1981இல் சீனத்தின் காண்டன் நகரை அடைந்தார். நம் நாட்டிலும் அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்து, கேரளத் தச்சர்களின் கைகளால் தையற்கப்பல் ஒன்று கட்டப்பட்டது. ‘கௌண்டின்யா’ என்னும் பெயருடன் 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்தது. ஓவியத்தில் தச்சருக்கு வேண்டிய அளவுகள் இரா. பழைய வரைபடமும் கிடைக்கவில்லை. எனவே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அக்கப்பலின் மாதிரியைச் செய்து நீரில் சோதித்த பின்னரே பெரிய கப்பலை முடித்தனர். செய்தியைக் கேட்டபோது எங்கள் பழப்பெட்டிப் பலகை நினைவுக்கு வந்தது.

ஏட்டில் இல்லாததைக் கையால் செய்து பார்த்து அறிவதும் வரலாற்றாய்வின் ஒரு வழி என்பதை அன்று உணர்ந்தேன். முன்னோர் ஒன்றை வேறுவிதமாகச் செய்தனர் எனில், அறியாமை என்று எழுதுமுன், அவர்கள் நின்ற கரை எத்தகையது என்று கேளுங்கள். அன்று நான் மதிப்பெண் இட்ட விடைத்தாள்களைத் திரும்பப் பெற இயலாது. அவ்விடை பிழை என்று இன்று சொல்லிவிட்டேன். அதை எழுதியவர்கள் தம் பிள்ளைகளுக்கேனும் திருத்திச் சொல்வார்களாக.