அறைக்கு உண்டு உரிமம், கைக்கு இல்லை: உடல் பிடித்துவிடும் தொழிலும் அரசு ஒழுங்குமுறையும்

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர், தறிக்கும் கபடிக்கும் பேர்போன பகுதி. தறிக்காரருக்குத் தோள்பட்டையும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஆட்டக்காரருக்கு முழங்காலும் கணுக்காலும் பிசகும். சுளுக்கு, குடலேற்றம், கைக்குழந்தைக்கு உரம் விழுந்தது என்று எதுவானாலும் பலர் முதலில் தேடிப் போவது எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரைத்தான். அவர் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் இருக்காது. அதே நகரில் கண்ணாடிக் கதவு போட்ட ‘ஸ்பா’வுக்கோ உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், காவல் துறையின் கண்ணும் அதன்மேல் இருக்கும். ஆனால் உள்ளே வேலை பார்ப்பவரின் கைக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அங்கும் எழுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு அறையைத்தான் பார்க்கிறது, கையைப் பார்ப்பதில்லை. இந்த வரிசை மாறவேண்டும் என்பதே என் வாதம்.

இத்தொழிலைச் சட்டம் எந்தப் பக்கமிருந்து அணுகுகிறது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். நோயாளியின் நலன் அதன் தொடக்கப்புள்ளி அல்ல. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டமும் மாநகரக் காவல் அதிகாரமும்தான் தொடக்கம். 1888-இன் சென்னை மாநகரக் காவல் சட்டம் 1987-இல் மதுரைக்கும் கோவைக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்த அணுகுமுறை எங்கே கொண்டுபோய்விடும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் காட்டிவிட்டன. 2021 டிசம்பரில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், மசாஜ் மையங்களிலும் ஸ்பாக்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்படுவதை உறுதிசெய்யக் காவல் துறைக்கு உத்தரவிட்டார். சில வாரங்களில், 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அந்தரங்க உரிமையைச் சுட்டி, வெறும் சந்தேகத்தின் பேரில் இத்தகைய இடத்துக்குள் கேமரா வைப்பது ஒருவர் தம் உடல்மீது கொண்ட உரிமையில் கைவைப்பதாகும் என்றார். பின்னதே சரியான தீர்ப்பு என்று கருதுகிறேன். எனினும் இரண்டு தீர்ப்புகளிலும் விவாதம் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுற்றியே நின்றது. தொடுகிறவருக்குத் தொழில் தெரியுமா என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவே இல்லை.

அந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆன பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அவளுடைய ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, இறுகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருவிவிடுகிறவர் அதை வாயுப்பிடிப்பு என்று நினைத்துக் கட்டைவிரலை அழுத்தி மேல்நோக்கி இழுக்கலாம். ஆனால் அது ஆழ்சிரையில் உறைந்த இரத்தமாக இருந்தால், அந்தக் கட்டி நழுவி நுரையீரலுக்குப் போய் ஆளையே கொன்றுவிடக்கூடும். மாவுக்கட்டுப் பிரித்தவருக்கும் நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்கும் இதே ஆபத்து உண்டு. எலும்பு தேய்ந்த முதியவரின் விலாவை அழுத்துவதும், கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்கெடுப்பதும் இதே வகைதான். எந்த உடம்பில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதே இத்தொழிலின் முதல் தகுதி. கேமராவோ கதவின் அளவோ அதை அளக்காது.

தேர்வு வைக்கும் அளவுக்கு இதில் பாடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் சித்த மருத்துவத்தைப் பார்க்கலாம். புறமருத்துவ முறைகளில் ஒன்றான தொக்கணத்தை அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்திருக்கிறது. அப்படியானால் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர் மட்டும் தொட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அந்த வழி எனக்கு உடன்பாடில்லை. 1914-இன் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவத்தாருக்கு மட்டுமே வாசல் திறந்தது. அந்தக் குறையை ஆராய 1921-இல் அமைந்த உஸ்மான் குழு, கேள்விப்பட்டியல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கியது. எழுதத் தெரிந்த வைத்தியர்களின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது. மருத்துவர் என்றே அழைக்கப்பட்ட நாவிதர் சமூகத்து ஆண்களும், பேறுகாலம் பார்த்த பெண்களும் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு இரண்டு முறையும் கணக்கில் வரவில்லை. 2018-இல் கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கிலும், அங்கீகரிக்கப்பட்ட தகுதியின்றி வைத்தியம் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. பொதுமக்களின் பாதுகாப்பை முன்வைத்த அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் கையால் கற்றவர் தகுதி பெறுவதற்கு ஒரு வழியும் திறக்காமல் தடையை மட்டும் வைத்தால், தொழில் ஒழியாது, மறைவுக்குப் போகும். துணை மருத்துவத் தொழில்களுக்கென வந்த 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்தைச் சேர்த்துக்கொண்டது; உடல் பிடித்துவிடுவதைத் தனித் தொழிலாகச் சேர்க்கவில்லை.

ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. அதன் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ‘மசாஜ் தெரபிஸ்ட்’ என்ற பட்டத்தைப் பதிவுபெற்றவர்களுக்கு மட்டும் உரியதாக்கியது. உடம்பைப் பிடித்துவிடும் செயலைத் தடுக்கவில்லை. பதிவேட்டை யாரும் பார்க்கலாம். முறைகேட்டை விசாரிப்பது தொழிலுக்கென்றே அமைந்த கல்லூரி எனும் ஒழுங்காற்று அமைப்பு. சிங்கப்பூரோ 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலையத்துக்கு உரிமம் என்ற பழைய பாதையிலேயே நின்றது. செல்லூருக்குப் பொருந்துவது ஒன்ராறியோவின் வழி என்பேன். பேத்தியின் காலை நீவிவிடும் பாட்டி குற்றவாளியாகக் கூடாது. பலகை மாட்டிக் காசு வாங்குகிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக வேண்டும்.

உரிமம் என்றாலே கைநீட்டும் இன்னொரு மேசை முளைக்கும் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. அந்த அச்சம் வெறும் கற்பனையில்லை. அதனால்தான் பதிவேடு காவல் துறையிடமோ உள்ளாட்சியிடமோ இல்லாமல் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் இருக்கவேண்டும் என்கிறேன். தேர்வு தமிழில், வாய்மொழியாகவும் செய்முறையாகவும் நடக்கவேண்டும். அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவின் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும், கைப்பழக்கத்தால் தேர்ந்த மூத்த தொழிலாளி ஒருவரும் சேர்ந்து தேர்வு நடத்தலாம். முன்னரே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் முறை புதிதல்ல. இந்தியத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் எலும்பு ஒட்டுதல் போன்ற மரபுத் திறன்களுக்குத் தன்விருப்பச் சான்றிதழ்த் திட்டம் வகுத்திருக்கிறது. பதிவுபெற்றவர் ஆபத்தான அறிகுறி கண்டு ஆளை மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே அவர் கொடுக்கும் சீட்டை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம்.