இன்ட்ராநெட்டும் ஊழியர் நம்பிக்கையும்

காலை வேளையில் கோவிலம்பாக்கம் சந்திப்பில் நின்றால், 200 அடி சாலையில் கம்பெனி பஸ்களும் கேப்களும் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். அவற்றில் பல சோழிங்கநல்லூர் நோக்கிச் செல்பவை. அங்கே பெரிய வளாகம் உள்ள நிறுவனங்களில் ஒன்று எச்.சி.எல். டெக்னாலஜீஸ். இன்ட்ராநெட் மூலம் ஊழியர்களின் நம்பிக்கையைப் பெற முடியுமா என்ற கேள்விக்கு இந்த நிறுவனத்தின் வரலாற்றில் பதில் இருக்கிறது.

இன்ட்ராநெட் என்பது ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் மட்டும் பார்க்கக்கூடிய இணையதளம். 1990களின் நடுவில் இது பரவத் தொடங்கியது. ஆனால் பல இடங்களில் பழைய நோட்டீஸ் போர்டின் வேலையைத்தான் செய்தது. சர்க்குலர் மேலிருந்து கீழே வரும். கீழே இருப்பவரின் கேள்வி மேலே போகாது!

தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான ஷிவ் நாடார் நண்பர்களோடு சேர்ந்து 1976-ல் தொடங்கியது எச்.சி.எல். 2005-ல் அதன் மென்பொருள் நிறுவனத்தின் பொறுப்புக்கு வினீத் நாயர் வந்தபோது, போட்டி நிறுவனங்கள் அதை முந்திக்கொண்டிருந்தன. "முதலில் ஊழியர், அடுத்து வாடிக்கையாளர்" என்ற கொள்கையை அவர் கொண்டுவந்தார். அதற்குக் கருவியாக அமைந்தது இன்ட்ராநெட்.

முதலாவது, கேள்வி பதில் பக்கம். எந்த ஊழியரும் தலைமையிடம் எதையும் கேட்கலாம். கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆரம்பத்தில் புகார்களே குவிந்தன.

இரண்டாவது, புகார்ச் சீட்டு முறை. சம்பளப் பிடித்தமோ, ஏ.சி. பழுதோ, ஊழியர் பதிவு செய்தால் சம்பந்தப்பட்ட துறை கவனிக்க வேண்டும். தாமதமானால் புகார் தானாக மேலதிகாரிக்குப் போகும். முடிந்தது என்று அதை மூடும் உரிமை, புகார் கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு.

மூன்றாவதுதான் துணிச்சலானது. மேலாளரைப் பற்றி அவருக்குக் கீழே வேலை செய்பவர்களும் மதிப்பீடு சொல்லும் முறை பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் முடிவு ரகசியமாகவே இருக்கும். நாயர் தன்னைப் பற்றிய மதிப்பீட்டை எல்லா ஊழியரும் பார்க்கும்படி இன்ட்ராநெட்டில் போட்டார். பிறகு மற்ற மேலாளர்களும் அப்படியே செய்தார்கள்.

இந்த அனுபவத்தை நாயர் 2010-ல் புத்தகமாக எழுதினார். 2013-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இன்ட்ராநெட் அமைக்கும் தொழில்நுட்பம் அன்று எல்லா பெரிய நிறுவனங்களிடமும் இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? புகாரை மூடும் அதிகாரம் கீழே கொடுக்கப்பட்டது. குறையை வெளியே காட்டுவது மேலேயிருந்து தொடங்கியது. இந்த இரண்டும் இல்லாத இன்ட்ராநெட், எத்தனை லட்சம் செலவழித்தாலும் வெறும் நோட்டீஸ் போர்டுதான்!