"கடல்கன்னிக்குச் சம்பளம் குடுப்பாங்களா, சேர்?"

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

சென்ற வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அக்காவின் போனில் பார்த்த ஒரு காணொளியைப் பற்றி எங்களிடம் கேட்டாள். பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வால் போட்ட ஒரு பெண் நீந்துகிறாளாம். வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறாளாம். "சேர், அது நெசமாவே ஒரு வேலையா? சம்பளம் குடுப்பாங்களா?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. பதில் தேடப் போனால், கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது.

1560ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் ஏழு கடல்கன்னிகள் வலையில் பிடிபட்டதாக ஒரு பழைய பதிவு உண்டு. கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, மனிதரைப் போலவே இருப்பதாகச் சொன்னாராம். 300 வருடங்களுக்குப் பிறகு எமர்சன் டெனன்ட் தன் இலங்கை விலங்கியல் நூலில் இந்தக் கதையைச் சொல்லி, அவை கடற்பசுக்கள் என்று விளக்கினார். கடற்பசு குட்டிக்குப் பால் கொடுக்கும். பால்காம்பு நெஞ்சுப் பக்கம் இருக்கும். தூரத்தில் தலையைத் தூக்கினால் மனிதர் போலத் தெரியும். கடல்கன்னி என்று அதைக் காட்டிக் காசு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அதே மன்னார்க் கடலில் உண்மையாகவே மூச்சடக்கிப் பிழைத்த மனிதர்களும் இருந்தார்கள். முத்துக் குளிப்பவர்கள். 1344இல் இப்னு பதூதா புத்தளம் வந்தபோது, ஆரியச் சக்கரவர்த்தியின் சபையில் குளித்தெடுத்த முத்துக்களைத் தரம் பிரித்துக் கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அங்கிருந்துதான் அவர் நம் சபரகமுவையின் பாவாதமலைக்கு வந்தார். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் சலாபம் கூடும்போது கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவர்களும், அரபிகளும் வந்து குவிவார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். சுறாவைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'யும் கூடவே இருப்பார். 1905இல் நடந்த சலாபம் மிகப் பெரியது. மறுவருடமே அரசாங்கம் முத்துப் படுகைகளை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி வளம் குன்றிப்போனது. மூச்சை விற்றுப் பிழைத்தவர்களின் வேலை அத்தோடு பெரும்பாலும் போனது.

அந்தக் கடலில் குளித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். கொரியாவின் ஜெஜு தீவில் நிலைமை வேறு. அங்கே பெண்கள் மூச்சடக்கிக் குளித்துச் சங்கும் சிப்பியும் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்றும் வயதான பெண்கள் அதைச் செய்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் சேர்த்தது.

நம் பெரிய சலாபம் நடந்த அதே 1905இல், அனெட் கெலர்மன் என்ற அவுஸ்திரேலியப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றார். முடியவில்லை. சிறுவயதில் கால் பலவீனத்தால் இரும்புச் சட்டம் கட்டி நடந்த பிள்ளை அவர். கால் பலப்படட்டும் என்றுதான் பெற்றோர் நீச்சலுக்கு அனுப்பினார்கள். பிறகு நியூயோர்க்கில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக் காட்டினார். 1911இல் மீன் வால் கட்டிப் படத்திலும் நடித்தார். வால் கட்டி நீந்துவது பெண்ணுக்கு ஒரு தொழிலானது அவரோடுதான் என்று சொல்லலாம்.

1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில், வீக்கி வாச்சி என்ற நீரூற்றில், கடற்படையினருக்கு நீருக்கடியில் நீந்தப் பயிற்சி கொடுத்த நியூட்டன் பெரி ஒரு அரங்கைத் திறந்தார். வெறும் 18 இருக்கைகள். பெண்கள் இரப்பர் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் சாப்பிட்டும் குடித்தும் காட்டினார்கள். ஆரம்பத்தில் சம்பளம் இல்லை. சாப்பாடு, நீச்சலுடை, நீச்சல் பாடம், அவ்வளவுதான். 2008இல் அந்த இடம் மாநில அரசின் பூங்காவானது. கடல்கன்னிகள் அரச ஊழியர்களானார்கள். இதைச் சொன்னதும் வகுப்பு வாய் பிளந்தது. கடல்கன்னிக்குக் கவுண்மேந்து உத்தியோகம்!

இன்று வால் தைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகச் செய்பவர்களும், ஹோட்டல்களிலும் மீன் காட்சியகங்களிலும் சம்பளத்துக்குச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சுழியோடிப் பயிற்சி நிறுவனங்கள் சான்றிதழும் கொடுக்கின்றன. ஆனால் இரண்டு காலையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நீந்துவது ஆபத்து. அதனால் சில நகரங்களின் பொது நீச்சல் தடாகங்களில் வாலுக்குத் தடை உண்டு. முதலில் நீச்சல், பிறகு மூச்சு, கடைசியில்தான் வால்.

அந்தப் பிள்ளையிடம் சொன்னோம்: "சம்பளம் உண்டு மகள். ஆனா முதல்ல நீந்தத் தெரியணும்."

"எங்க சேர் பழகுறது?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நம்மைச் சுற்றி எவ்வளவு தண்ணீர்! களு கங்கை, களனி கங்கை, மகா ஓயா, திரும்பிய பக்கமெல்லாம் எல்ல. கித்துல்கலையில் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றி ஆற்றில் இறக்குவதே ஒரு தொழில். 2003இலும் 2017இலும் வெள்ளம் இரத்தினபுரிக்குள் எப்படி வந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்த தண்ணீர், லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் மட்டும்தான். "ஆத்துப் பக்கம் போகாதே" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆறு நம்மைத் தேடி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. 2004 சுனாமியில் நம் கிழக்குக் கரையில் ஆண்களை விடப் பெண்கள் அதிகமாக மௌத்தானதற்கு, நீச்சல் தெரியாததும் ஒரு காரணம்.

உடைதான் தடை என்று நம்மவர்கள் சொல்வார்கள். கெலர்மன் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்களுக்கும் அதே பிரச்சினைதான். பாரமான பாவாடையோடு தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. 2004இல் அதே அவுஸ்திரேலியாவில் அஹெடா சனெட்டி என்ற முஸ்லிம் பெண், உடலை மூடிய நீச்சலுடையை வடிவமைத்தார். வழி இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக நாமே மேடையில் பேசுகிறோம். பிள்ளைகள் என்றால் மகன்கள் மட்டுமா?

பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் சபையும், தோட்டத் தலைவர்மாரும், பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும். பக்கத்து நகரத் தடாகத்தில் மாதம் ஒரு நாள், ஒரு பெண் பயிற்றுநர், ஒரு வேன். அது போதும் தொடங்க.

அந்தப் பிள்ளை கடல்கன்னி ஆகிறாளோ இல்லையோ, அது அவள் விருப்பம். அடுத்த வெள்ளம் வரும்போது அவளுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். நீச்சல் தெரிந்த சகோதரிகள் யாராவது நம் பகுதியில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.