கறவை சொல்லும் வரலாறு

தைப்பூச நாளன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் பாற்குடங்களைக் கண்டு மகிழ்கிறோம். ஆயின், பாலுக்கென வளர்க்கும் மாடு இந்நாட்டுக்கு எவ்வாறு வந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் உயிர்நூலார் கூறும் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். பாலூட்டிகளின் சினைக்காலம் இனத்துக்கு இனம் வேறுபடும். முயலுக்கு 31 நாள், பன்றிக்கு 114, வெள்ளாட்டுக்கு 150, பசுவுக்கு ஏறக்குறைய 280, யானைக்கோ 22 மாதம். பசுக்களுக்குள் இக்கணக்குப் பெரிதும் மாறுவதில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் நாட்டுப் பசுவும், இருபது லிட்டருக்கு மேல் கறக்கும் ஃபிரீசியன் பசுவும் ஒன்பது மாதமும் சில நாளுமே சுமக்கின்றன. சினைக்காலம் இயற்கை வகுத்தது. பாலின் பெருக்கமோ, தலைமுறை தலைமுறையாக மனிதன் பொறுக்கி வளர்த்ததன் பயன்.

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்த காலத்தில், அக்கரையிலிருந்த கெடா உழவர் சதுப்பெருமையை வளர்த்துவந்தனர். அது ஏறக்குறைய 11 மாதம் சுமக்கும். ஆயினும் அதன் பால் கன்றின் பசிக்கே சரியாகும். இந்தியாவின் முர்ரா எருமை 10 மாதமே சுமந்து, அதனினும் பன்மடங்கு பால் தருகிறது. முன்னது உழவுக்கென வளர்ந்தது. பின்னது கறவைக்கென வளர்ந்தது. வேறுபாடு இதுவே.

19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம்மவர் வந்தனர். இந்திய மாடுகளும் கடல் கடந்து வந்தன. லயத்தின் பின்னே கொட்டகை எழுந்தது. என் பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். எனினும், பசு சினைப்பட்ட நாளைக் கதவில் சுண்ணாம்புக் கோடிட்டு எண்ணுவார். ஈனுதற்கு இரு மாதம் முன்னரே கறவையை நிறுத்துவார். நன்கு கறக்கும் பசுவின் கிடேரியை எவர் கேட்டாலும் விற்கமாட்டார். பொறுக்கி வளர்த்தல் என்று அறிஞர் கூறுவது இதனையே அன்றோ!

பல இந்திய இனங்கள் இம்மண்ணிற் கலந்து தோன்றிய மாட்டை 'உள்நாட்டு இந்தியக் கறவையினம்' என மலேசியக் கால்நடை அறிஞர் வழங்குகின்றனர். பின்னாளில் அரசின் கால்நடைத்துறை, வெப்பந்தாங்கும் சாகிவாலையும் ஃபிரீசியனையும் கலந்து 'மாஃபிரிவால்' என்னும் இனத்தை உருவாக்கியது. துறையின் பணிக்கு ஏடுகள் உண்டு. கொட்டகைக்காரர் பணிக்கோ, அவ்வினத்தின் பெயரே கல்வெட்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது கொட்டகைகளும் அகன்றன. மாடு போனபின் சொல்லும் போகிறது. கிடேரி என்றால் என்னவென்று என் மாணவர் வினவுகின்றனர். சீம்பாலைச் சுவைத்தவர் வகுப்பில் ஒருவருமிலர். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாடு வளர்த்த முதியோரிடம் மாணவரை அனுப்புங்கள், அவர் கூறுவதை, அவர்தம் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவரச் செய்யுங்கள். அம்முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.